பௌர்ணமிக் கணக்கு

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் என்று மாமியார் உலகம்மா சொன்னபோது, இசக்கியம்மாள் கையிலிருந்த சுளகு நழுவி விழுந்தது. புடைத்து வைத்த உளுந்து முற்றமெல்லாம் ஓடியது.

"என்னட்டி, பேயக் கண்டவ மாதிரி நிக்க? சாஸ்தா கோயிலுக்குப் போவணும்லா, அதுக்குச் சொன்னேன்."

"இல்லத்தே... கை வழுக்கிட்டு."

வழுக்கியது கை அல்ல, கணக்கு. உத்திரம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்பது முக்கூடலில் நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரியும். இசக்கியம்மாளுக்கும் தெரியும். ஆனால் போன சித்திரையில் அந்தத் திருட்டுக் கணக்கைத் தொடங்கும்போது மட்டும் அது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

திருட்டுக் கணக்கு என்னவென்றால், இதுதான். மற்றப் பெண்கள் மாதம் மூன்று நாள் வீட்டுக்குத் தூரமாகிப் புறவாசலில் அதற்கென்றே உள்ள சின்ன அறையான குச்சிலில் போய் உட்காருவார்கள். இசக்கியம்மாளுக்கு அந்த மூன்று நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வரும். போதாக்குறைக்குத் தாடையில் நாலைந்து முடி கருகருவென்று முளைத்தது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஆரம்பத்தில் நாள் தள்ளிப் போகும்போதெல்லாம் புருஷன் நாறும்பூநாதன் ஆசையாகப் பார்ப்பான். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

போன சித்திரையில் அடுத்த தெரு சிவசண்முகம் தன் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். "மாசம் ஒழுங்கா உக்காராத பொம்பளை, அவ வயித்துல எங்க தங்கும்?" என்று ஊரே நியாயம் பேசியது. அன்று உலகம்மா உரலில் மாவு இடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"மாசந்தவறாம உக்காருத மருமவள எவளும் ஒரு சொல்லு சொல்ல முடியாது."

தனக்கும் அந்தக் கதிதான் என்று இசக்கியம்மாள் பயந்தாள். அடுத்த பௌர்ணமி அன்றே போய்க் குச்சிலில் உட்கார்ந்துவிட்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது, வானத்தைப் பார்த்தாலே போதும்.

அழுக்குச் சீலையை எடுத்துப் போக மூன்றாம் நாள் சலவைக்காரி சுடலைவடிவு வருவாள். அவள் கண்ணையும் மறைக்க வேண்டுமே. ஆரத்திக்குக் கரைக்கிற மாதிரி மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சீலையில் தடவினாள். குச்சிலின் மாடக்குழியில் ஒரு மஞ்சள் துண்டும் சுண்ணாம்பு டப்பியும் எப்போதும் இருந்தன. போன தடவை வைத்த மிச்சம் என்று நினைத்துக்கொள்வாள். எலிகூட அதைத் தொடாதது தன் அதிர்ஷ்டம் என்றும் நினைத்தாள்.

அங்கே வேறொரு சௌகரியமும் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், முள்வாங்கியை எடுத்துத் தாடை முடியை நிம்மதியாகப் பிடுங்கலாம். சுவரில் வெள்ளை உதிர்ந்த இடத்தில் பழைய கரிக்கோடுகள் தெரிந்தன. வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் யாரையோ இங்கே நாள் எண்ணி உட்காரவைத்திருக்கிறாள் என்று தோன்றும்.

இப்படியே பதினோரு மாதம் ஓடிற்று. கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்ததுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. உத்திரத்தன்று தூரம் என்று உட்கார்ந்தால் கோயிலுக்குப் போக முடியாது. அந்தக் கோயிலில்தான் பிள்ளை வரத்துக்குப் பொங்கல் வைப்பதாக நாறும்பூநாதன் நேர்ந்திருக்கிறான். உட்காராவிட்டால் நாள் தள்ளிப் போனதாகிவிடும்.

சாமி காரியத்தைக் கெடுக்கப் பயந்து, உட்காராமலே கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து மறுநாள் உட்கார்ந்துவிட்டால் சரியாகப் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே நாறும்பூநாதன் நிலாவை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு மறுபடியும் நிலாவைப் பார்த்தான்.

"ஏளா, பௌர்ணமி வந்துட்டே!"

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவன் முகத்தில் நாலு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் மறுநாள் குச்சிலுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஒரு நாள் போகட்டும் என்று இருந்தாள். அதற்குள் அவன் மரத்தில் ஏறி ஒரு கடகம் மாங்காய் பறித்துவந்து அவள் முன்னால் கொட்டினான்.

"தின்னு. யாருக்கும் குடுக்காத."

முன்பு போல ஒழுங்கில்லாமல் உட்கார்ந்திருந்தால் இந்த நாலு நாளை யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள். பதினோரு மாதம் ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தவளாயிற்றே! நாறும்பூநாதன் ஆற்றங்கரையில் நாலு பேரிடம் சொன்னான். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள். அவன் மனசு நோகக் கூடாதே என்று இசக்கியம்மாள் ஆறு நாள் மாங்காயாகத் தின்றாள். ஏழாம் நாள் காலையில் முற்றத்தில் வாந்தி எடுத்தாள்.

"பாத்தியாம்மா! வாந்தி!" என்று நாறும்பூநாதன் கூத்தாடினான்.

உலகம்மா மட்டும் சிரிக்கவில்லை. மருமகளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பைய இருலே. பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' இசக்கியம்மாளுக்குப் போதுமாயிருந்தது. கிழவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது! பத்தாம் மாதம் பிள்ளை எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்பதையும் நாறும்பூநாதன் மசக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். வயலுக்குப் போகிற வழியில் தச்சனைக் கூப்பிட்டுத் தொட்டிலுக்கு மரம் பார்க்கச் சொன்னான்.

தொட்டில் என்ற சொல் காதில் விழுந்த அன்று மத்தியானமே அவள் போய்க் குச்சிலில் உட்கார்ந்துவிட்டாள்.

நாறும்பூநாதன் புறவாசல் வரை வந்தான். மிச்சமிருந்த மாங்காய்க் கடகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இசக்கியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"ஏலே, வண்டியக் கட்டு. தச்சநல்லூருக்குப் போ. நான் சொல்லி அனுப்பினேன்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வா. இனியும் பொறுத்துக்கிட்டு இருந்தா நாமதான் பாவி."

"அவ என்ன நினைப்பாளோம்மா?"

"அவ என்ன நினைக்கது? எல்லாம் அவளுக்குச் சேத்துத்தான்."

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டிப் போயிற்று. தச்சநல்லூரில் உலகம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார், அவருக்கு மூன்று பெண்கள். மூன்றில் எவளாக இருக்கும்? மூத்தவளுக்கு வாய் நீளம். சின்னவள் நல்ல நிறம். சின்னவளாகத்தான் இருக்கும் என்று இசக்கியம்மாள் முடிவு செய்தாள். நல்ல நிறத்தின்மேல் ஒரு பொல்லாத கோபம் வந்தது. கோபம் போனதும் பயம் மட்டும் மிச்சமிருந்தது. அப்பா வீட்டில் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது? அன்று அவள் தாடை முடியைக்கூடப் பிடுங்கவில்லை. இனி யாருக்காகப் பிடுங்குவது?

மூன்றாம் நாள் காலையில் சுடலைவடிவு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கைகள் உவர்மண்ணில் ஊறி வெளுத்திருந்தன. அவள் சீலையை எடுத்து உதறி வெயிலுக்கு நேரே பிடித்தாள். இசக்கியம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுடலைவடிவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுடலை, என்னக் காட்டிக் குடுத்திராத. அது ரத்தமில்ல. மஞ்சளும் சுண்ணாம்பும்."

"தெரியும் தாயி."

"தெரியுமா?"

"ரத்தம் காஞ்சா கறுக்கும். இது காஞ்சாலும் செவப்பாவே கெடக்கு. பன்னெண்டு மாசமா நானும் ஆத்துல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"யாருட்டயும் சொன்னியா?"

"சீலையில உள்ளத ஆத்தோட விடுறதுதான் தாயி எங்க தொழிலு. ஊருக்குள்ள கொண்டுவந்து விரிச்சா பொழைக்க முடியுமா?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மாட்டுச் சலங்கை கேட்டது. இசக்கியம்மாள் வேலியைப் பார்த்தாள். முள்வேலிதான். இருந்தாலும் புகுந்து ஓடிவிடலாம். ஒரு காலைத் தூக்கி வேலிக்குள் வைத்தும்விட்டாள். முள் சேலையைப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ஒற்றைக் காலில் நின்றபடி, ஓலைத் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

கூண்டு வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. சீர்ப் பெட்டி! அடுத்து, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் உருவம் நாறும்பூநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. கையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டதா என்று இசக்கியம்மாள் நினைத்தாள். உருவம் துப்பட்டியை விலக்கிற்று. மணப்பெண்ணுக்கு எழுபது வயதிருக்கும். பல் இரண்டுதான் மிச்சம்.

உலகம்மா ஓடிவந்தாள்.

"வாங்க பீவி, வாங்க. பிள்ள பயந்துபோயி கெடக்கா. மொதல்ல ஒரு வாய் மோர் குடிச்சிட்டு அவளப் பாருங்க."

இசக்கியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரு சுடலை அது?"

"தச்சநல்லூர் மஹ்மூதா பீவி. மாசம் ஒழுங்கா வராத பொம்பளைகளுக்கு மருந்து குடுக்கவுக. கைராசிக்காரி."

"இப்பவும் மாசம் ஒழுங்கா வரலன்னு அத்தைக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லலன்னியே?"

சுடலைவடிவு வேலி முள்ளிலிருந்து அவள் சேலையைப் பைய எடுத்துவிட்டாள். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குத் தாயி சொல்லணும்? உங்க வீட்டுக்காரு பொறக்கதுக்கு முந்தி இதே குச்சில்ல ஏழு வருசம் கரிக்கோடு போட்டு உக்காந்து, மஞ்சச் சுண்ணாம்புச் சீலைய எங்கிட்டப் போட்டவுகளே உங்க மாமியாதான். இப்பவும் பௌர்ணமிக்கு மொத நாளு அந்த மாடக்குழியில மஞ்சள வச்சிட்டுப் போறது அவுகதான்!"