பரணில் ஒரு ஓடுகாலி

மனைவியைக் கைவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். அவளுடைய நன்மைக்காகத்தான்.

நான் லிஃப்ட் இயக்குபவன். வாழ்க்கையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் எனக்கு அதோடு சரி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு மனு போட்டோம். "கணவர் சம்பாதிக்கிறார், சட்டத்துல இடமில்லை" என்றார்கள். அந்தச் சட்டத்தையே வாங்கிப் படித்தேன். ஏழாம் பிரிவில் ஒரு சந்து இருந்தது: 'கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை.'

"நான் ஓடிப்போயிடறேன்," என்றேன்.

"எங்கே?"

"பரணுக்கு. விசாரிக்க வர்றவங்க போற வரைக்கும்."

"அதுக்கு மேல ஓட உங்களுக்குத் துப்பும் கிடையாது," என்றாள். ஆனால் புது மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நலத்துறை அதிகாரியம்மா வந்தார். நான் பழைய பாய்க்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவே மடங்கிக் கிடந்தேன்.

"எப்பம்மா விட்டுட்டுப் போனார்?"

"போன மாசம் பதினாலாம் தேதி. நண்பனுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு, நாலு சட்டையைப் பையில திணிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்."

எனக்கு வியர்த்தது. இந்த வசனம் நாங்கள் ஒத்திகை பார்த்ததில் இல்லை.

"ஏன் போனார்?"

"பயம். நான் சாகறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணுமேன்னு."

அதிகாரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் போனதும் இறங்கினேன். கால் மரத்திருந்தது.

"நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதை யார் சொன்னா?"

"அங்கே டீக்கடை வெச்சிருக்கவர். மூணு பஸ்ஸை விட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்களாம்."

"ஏறலையே!"

"நாலாவது பஸ் ரத்தாம். அதையும் சொன்னார்."

சட்டையில் ஒட்டியிருந்த பரண் தூசியைத் தட்டினேன்.

"சரி, அட்டைதான் கிடைச்சாச்சே," என்று மெல்லப் பேச்சை மாற்றினேன்.

"கிடைச்சாச்சு. எட்டாம் பிரிவு படிச்சீங்களா?"

"ஏழோட நிறுத்திட்டேன்."

"புருஷன் வீட்டுல இருக்கறதைப் பார்த்தா அட்டை ரத்து. முன்னறிவிப்பு இல்லாம மாசாமாசம் வந்து பார்ப்பாங்களாம்."

உள்ளே போனாள். என் பையோடு வந்தாள். இந்த முறை சட்டைகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"உங்க லிஃப்டுக்குப் பின்னாடி ஒரு அறை சும்மாத்தானே கிடக்கு? படுத்துக்கோங்க. செவ்வாய், வியாழன், சனி காலையில அஞ்சரைக்கு ஆட்டோவோட வாங்க. ஆஸ்பத்திரியில யாராவது கேட்டா தூரத்துச் சொந்தம்னு சொல்றேன்."

"நான் வராமப் போயிட்டா?"

"அப்போ மனுவில எழுதினது பொய்யில்லைன்னு ஆயிடும்."

கதவைச் சாத்தினாள். சட்டப்படி கைவிடப்பட்டவள் அவள். வீட்டுப்படியில் நின்றவன் நான்.