மூன்று தண்ணீரில் கழுவிய பாஸ்தா

உலகத்தில் இதுவரை பிறந்த கோபக்காரர் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் கரண்டி அக்காவை மட்டும் நிறுத்தினால், அத்தனை பேரும் மேலே போய்விடுவார்கள். சும்மா சொல்லவில்லை. பலேர்மோ நகரத்தில், ஒரு வீட்டுக் குசினியில், நாலு மணித்தியாலம் அவரிடம் திட்டு வாங்கியவன் நான். அந்த நாலு மணித்தியாலத்தில் ஒரு வசைகூட இரண்டாம் தடவை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் லண்டனில் இருந்தேன். அங்கே ஒரேத்தோப் பகுதியில் குடியிருந்த நண்பனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பலேர்மோவுக்குப் போனேன். ஒரு கிழமை முந்திப் போனதுதான் பிழை. நண்பனும் மனைவியும் விடிந்ததும் ஆளுக்கொரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் வியா மக்வேதா என்ற பெரிய தெருவை மேலும் கீழுமாக அளந்தேன். மூன்றாம் நாள் காலை நண்பன் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினான். பாஸ்தாவும் ஜெலாத்தோவும் செய்யப் பழகலாம், ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம், அரை நாள் வகுப்பு என்று இருந்தது. ஜெலாத்தோ என்பது ஐஸ்கிறீம்தான். ஆனால் அதை இத்தாலிக்காரர் முன் சொல்லக்கூடாது.

"சும்மா கிடந்து விட்டத்தைப் பாக்காதை. போய்ப் பழகு. உன்ரை மனிசிக்கு ஒரு நாளெண்டாலும் சமைச்சுக் குடுக்கலாம்," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுமுறைக்கு வந்தவனை யாராவது அடுப்படிக்கு அனுப்புவார்களா? ஆனாலும் போனேன். வெளியே வெயில் அப்படி.

வகுப்பு லிபெர்த்தாவில், பணக்காரர் குடியிருக்கும் பகுதியில், ஒரு பழைய மாடிவீட்டில் நடந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலாவது மாடிக்கு ஏறிப் போனபோது எனக்கு மூச்சும் இல்லை, பொறுமையும் இல்லை. குசினியில் ஒல்லாந்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவர் கதவளவு உயரம். பக்கத்தில் மூன்று ஆங்கிலேயப் பெண்கள். யன்னலோரம் நாற்காலியில் வீட்டுக்கார அம்மா, அவர்கள் மொழியில் சிஞ்ஞோரா, வெள்ளைத் தலையும் கறுப்புச் சட்டையுமாக, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மேசைக்குப் பின்னால், கையில் மரக்கரண்டியோடு, குள்ளமாக, நம்முடைய நிறத்தில் ஒரு பெண்.

நான் சந்தோசத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தமிழோ?"

"ஓம் அக்கா. சாவகச்சேரி."

"நான் பேசாலை. அது கிடக்கட்டும். ஆர் உன்னை இஞ்சை வரச் சொன்னது? அதுவும் இண்டைக்குப் பாத்து!"

பெயரைக் கேட்க அவர் இடம் தரவில்லை. அந்தக் கரண்டியை அன்று கிட்டத்தட்ட முழு நேரமும் அவர் கீழே வைக்காதபடியால் நானாக வைத்த பெயர்தான் கரண்டி அக்கா.

ரவை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையச் சொன்னார். ஒல்லாந்தர் பிசைந்தது சுவருக்குப் பூசும் சாந்து மாதிரி இருந்தது. அவருக்கு "பிராவோ!" கிடைத்தது. ஆங்கிலேயப் பெண் ஒருத்தி மாவை நிலத்தில் போட்டாள். அவளுக்கும் "பிராவா!" கிடைத்தது. நான் ஒழுங்காகத்தான் பிசைந்தேன். கரண்டி அக்கா என் தோளோரம் வந்து நின்றார்.

"உதென்ன, மாவைப் பிசையிறியோ, தடவிக் குடுக்கிறியோ? வீட்டிலை ஒரு நாளாவது ரொட்டிக்குக் குழைச்சிருக்கிறியே? எல்லாம் கொம்மா செய்து தீத்தி வளத்திருக்கிறா. அமத்தடா மடையா!"

இவ்வளவையும் அவர் தமிழில் உரக்கச் சொன்னார். மற்றவர்கள் அதைப் பாடம் என்று நினைத்துவிட்டார்கள். ஒல்லாந்தரின் மனைவி என்னிடம், "உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விளக்கம்? நாங்களும் வந்திருக்கிறோமே," என்று குறைப்பட்டாள். எடுத்துக்கொள் தாயே என்று முழுவதையும் அவளுக்கே கொடுத்திருப்பேன்.

எனக்கும் கோபம் ஏறியது. "அக்கா, நானும் மற்ற ஆக்களைப் போலைதான் வந்தனான். என்னை மட்டும் ஏன் பேசுறியள்?"

அவர் மாவை என் கையிலிருந்து பிடுங்கித் தானே பிசையத் தொடங்கினார். குரல் இறங்கியது.

"தம்பி, இண்டைக்கு எனக்குச் சோதினை. உந்தச் சிஞ்ஞோரா மனிசி அடுத்த மாசம் வடக்கு இத்தாலியிலை மகளோடை இருக்கப் போகுது. நான் தனிய வகுப்பு நடத்துறதைப் பாத்துச் சரியெண்டால், வீட்டையும் வகுப்பையும் என்ரை கையிலை தந்து, வேலைக் கடுதாசியிலை கையெழுத்து வைக்குமாம். சரியில்லையெண்டால் வீட்டைப் பூட்டுமாம். கடுதாசி இல்லாட்டி பெர்மெசோ இல்லை. பெர்மெசோ இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கேலாது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஊரிலை சண்டை. எங்கை போக? நீ ஏதும் பிழை விட்டால் 'இவளின்ரை ஆக்களே இப்பிடித்தான்' எண்டு மனிசி நினைக்கும். விளங்குதோ?"

விளங்கியது. கோபம் போகவில்லை, கோபப்படும் ஆள்தான் மாறியது. இந்த வீட்டில் ஒன்பது வருடம் சமைத்ததாகவும் சொன்னார். ஒன்பது வருடம் அந்தக் கையால் தின்றுவிட்டு இப்போது ஒரு நாள் பரீட்சையா? யன்னலோரம் பார்த்தேன். சிஞ்ஞோரா கைத்தடியைத் தடவிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண்ணுக்கு என்னால் ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். அடுத்த கால் மணித்தியாலத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மாவைத் தட்டி, நாடா நாடாவாக வெட்டி, ஒட்டாமலிருக்க மாத் தூவித் தட்டில் வைத்திருந்தோம். தண்ணீர் கொதித்தது. "போடுங்கோ," என்றார். மற்றவர்கள் போட்டார்கள். நான் தட்டைப் பார்த்தேன். மேலே வெள்ளையாகத் தூசி. கழுவாத அரிசியை உலையில் போடுகிறவன் தமிழனா? தட்டோடு குழாயடிக்குப் போனேன். அரிசி களைவதுபோல ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரை வடித்தபோது தட்டில் நாடா இல்லை. தேங்காயளவு பசை உருண்டை ஒன்று இருந்தது.

கரண்டி அக்கா பார்த்தார்.

"கழுவிப்போட்டியே! பாஸ்தாவை ஆரடா கழுவிறது? உனக்கு மூளையையும் மூண்டு தண்ணியிலை கழுவி ஊத்திப்போட்டாங்களோ?"

சிஞ்ஞோரா நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டினார். என்ன நடந்தது என்று கேட்டார். கரண்டி அக்கா உடனே முகத்தை மாற்றி, அந்த உருண்டையை இரு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டி, இத்தாலிய மொழியில் கணீரென்று ஏதோ சொன்னார். ஆங்கிலேயப் பெண் ஒருத்திக்கு இத்தாலிய மொழி தெரியும். அவள் மொழிபெயர்த்தாள். "பாஸ்தாவைக் கழுவினால் என்ன நடக்கும் என்று காட்டுவதற்காக இந்த ஐயாவைக் கழுவச் சொன்னாராம்."

ஆறு அடி நாலு அங்குல ஒல்லாந்தர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். சிஞ்ஞோரா தலையாட்டினார். "நீதான் உதைத் தின்ன வேணும். கடைசித் துண்டு வரைக்கும்," என்று எனக்குத் தமிழில் தீர்ப்புக் கிடைத்தது.

அடுத்தது தக்காளிக் குழம்பு. பொரித்த கத்தரிக்காயும் போட்டு, கொதித்து, வாசம் நாலு மாடியும் இறங்கியிருக்கும். சிஞ்ஞோரா தடியைத் தட்டி, எல்லோரும் உப்புப் பார்க்க வேண்டும் என்றார். ஒல்லாந்தர் கரண்டியை விட்டு அள்ளி, வாயில் வைத்து நக்கி, அதே கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டார். அடுத்து மனைவி. அடுத்து அந்த மூன்று பேரும். ஒரு கரண்டி, ஐந்து வாய், ஒரு சட்டி. கரண்டி அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் முறை வந்தது. நான் யோசிக்கவில்லை. என் வீட்டில் எப்படியோ அப்படியே, கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன்.

"நோ! நோ!" சிஞ்ஞோரா எழுந்தேவிட்டார். தடியால் என் கையைச் சுட்டிக் கத்தினார். ஆங்கிலேயப் பெண் சங்கடத்தோடு சொன்னாள். "கையை நக்குவது நாய்ப் பழக்கமாம். இதே பழக்கத்தை இந்தப் பெண்ணிடமிருந்து மாற்ற முதல் வருடம் முழுக்கப் பாடுபட்டாராம்."

சரி, இனிக் கரண்டி என் மண்டையில்தான் என்று குனிந்தேன். கரண்டி வரவில்லை. கரண்டி அக்கா முதன்முறையாகச் சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பினார்.

"ஆரை நாயெண்டிறாய்? என்ரை தம்பியையோ?"

தமிழில்தான் தொடங்கினார். பிறகு இத்தாலிய மொழிக்கு மாறினார், பிறகு இரண்டும் கலந்து வந்தது. ஒல்லாந்தரின் வாயைக் காட்டினார், கரண்டியைக் காட்டினார், சட்டியைக் காட்டினார். "ஒம்பது வருசம் உப்பை மணந்து மணந்து சமைச்சனான்! உங்கடை எச்சில் கரண்டியை வாயிலை வைக்கேலாமல், உள்ளங்கையிலையும் விட விடாமல், ஒம்பது வருசம்! எங்கடை கை ஊத்தையோ? அஞ்சு பேர் நக்கினது சுத்தமோ?" என்று கேட்டுக்கொண்டே சட்டியைத் தூக்கினார். முழுக் குழம்பையும் குழாயடியில் கவிழ்த்தார்.

சிஞ்ஞோரா தடியை ஊன்றி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

"அக்கா, என்னாலை எல்லாம் போச்சு," என்றேன். உண்மையிலேயே அழுகை வந்தது.

"பொத்தடா வாயை. தக்காளியை வெட்டு."

இரண்டாவது குழம்பு வைத்தார். உப்புப் பார்க்கும் நேரம் கரண்டியை உயர்த்தி எல்லோருக்கும் உள்ளங்கையைக் காட்டினார். ஒல்லாந்தரிலிருந்து எல்லோரும் கோவிலில் நற்கருணை வாங்குகிறவர்கள் மாதிரி வரிசையாகக் கையை ஏந்தி நின்றார்கள். ஆளுக்கொரு சொட்டு. எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் பசை உருண்டையை அவித்துத் தின்றேன். தீர்ப்பு தீர்ப்புத்தான்.

கடைசியில் ஜெலாத்தோ. பாலும் சீனியும் அரைத்த வாதுமையும் கொஞ்சம் சோளமாவும் போட்டுக் காய்ச்சி, கூழ்ப் பதத்தில் ஆறவைத்திருந்தோம். மெசினில் ஊற்றுவதற்கு முன் சீனி பார்க்க வேண்டும். கரண்டி அக்கா சட்டியோடு வந்தபோது உள்கதவு திறந்தது. சிஞ்ஞோரா வந்தார். நேரே சட்டியடிக்கு வந்து, தடியை இடது கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையை நீட்டினார்.

கரண்டி அக்கா ஒரு சொட்டு விட்டார். சிஞ்ஞோரா நக்கினார்.

சீனி காணாது, இன்னும் போடு என்றார்.

காணும் என்றார் கரண்டி அக்கா.

காணும் என்றே முடிந்தது. மெசின் ஓடும்போது சிஞ்ஞோரா மறுபடி யன்னலோரம் உட்கார்ந்து, வருகிற செவ்வாய்க்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள், தக்காளி கூடுதலாக வாங்கி வை, புதன்கிழமை கடுதாசிக்குப் போகலாம் என்றார். மொழிபெயர்த்த ஆங்கிலேயப் பெண் கண்ணைத் துடைத்தாள். கரண்டி அக்கா துடைக்கவில்லை. "ஜெலாத்தோவை வடிய விடாதை, கிண்ணத்தை நேராப் பிடி," என்று எனக்குத்தான் விழுந்தது.

புறப்படும்போது வாசலில் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து நிறுத்தினார். தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லைக் கோத்துக் கேட்டார். ஒன்பது வருடமாக இந்தப் பெண்ணின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பலேர்மோவிலேயே அமைதியான பெண் இவள்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இன்று காலையிலிருந்து உன்னோடு ஓயாமல் சத்தம் போடுகிறாள். நீ அவளுக்கு யார்?

எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களில் தேடினேன். ஒன்று இருந்தது.

"பிரத்தெல்லோ," என்றேன். சகோதரன்.

இரண்டு மாடி இறங்கியிருப்பேன். மேலேயிருந்து அந்தக் குரல் முழுக் கட்டிடத்துக்கும் கேட்க வந்தது.

"படி ஈரம்! விழுந்து துலைக்காதை, மொக்கு!"

"ஓம் அக்கா," என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மீதி இரண்டு மாடியையும் அவர் சொன்னபடி மெல்ல மெல்ல இறங்கினேன்.