பர்பாருக்கு இரண்டு பேர்

மார்ச், மூன்றாம் ஞாயிறு, மாலை ஐந்தே கால். என் டைரியில் இப்படி இருக்கிறது: “ஜெசி குடும்பத்துக்கு வழியனுப்பு ஜெபம். அட்டையில் வசனம் எழுதிக் கொடுத்தேன். முடிந்தது.” எது முடிந்தது என்று எழுதவில்லை. (என் மானம்.)

ஜெசியின் அப்பா ஸ்டீபன் அங்கிளுக்கு கார்டன் ரீச் ரயில்வே ஆபீசிலிருந்து சென்னைக்கு மாற்றல். கொல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபையில், மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதி, எல்லார் முன்னாலும் வாசித்துக் கொடுப்போம். இரண்டு வருடமாக ஜெசியிடம் சொல்ல முடியாததைச் சொல்ல எனக்கிருந்த கடைசி வாய்ப்பு அந்த அட்டை.

வேறொருவன் என்றால் அன்பைப் பற்றிய வசனத்தை எடுத்திருப்பான். நான் எடுத்தது எருசலேம் ஆலயத்தின் காவல் பட்டியலை. சாலைக்கு நாலு பேர், பர்பாருக்கு இரண்டு பேர். பர்பார் என்றால் என்ன என்று யாருக்கும் நிச்சயமில்லை. லேக் மார்க்கெட்டில் ஆட்டோவுக்கு நின்றபோது ஒருமுறை ஜெசியிடம் இதைச் சொல்லியிருந்தேன். “என்ன இடம்னே தெரியாம ரெண்டு பேர் நிக்கிறாங்களா? பாவம்!” என்று சிரித்தாள். நாங்களும் அப்போது அப்படித்தான் நின்றிருந்தோம். அதனால் அவளுக்கு மட்டும் புரியும் என்பது என் கணக்கு.

வாசித்தேன். ஸ்டீபன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இதுல எங்களுக்கு என்ன ஆறுதல்?”

‘கர்த்தர் காப்பார்’ என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். பயத்தில் எபிரெய இலக்கணம் பேச ஆரம்பித்தேன்.

“மொழிபெயர்த்தவங்க சில பேர் இத ஊர்ப்பேருன்னு விட்டுட்டாங்க அங்கிள். ஆனா மூலத்துல முன்னால ‘ல’ன்னு ஒட்டியிருக்கு, நம்ம ‘க்கு’ மாதிரி. ‘அந்த’ங்கிற சுட்டும் அதுக்குள்ளயே இருக்கு. ஊர்ப்பேருக்குச் சாதாரணமா அப்படி வராது. அதனால இது கட்டடத்துல ஒரு பகுதி. தூண் வரிசையா இருக்கலாம், மேற்குப் பக்கத்து முற்றமா இருக்கலாம்...”

“இருக்கலாமா? நிச்சயமாத் தெரியாதா?”

“யாருக்குமே தெரியாது அங்கிள்.”

“தெரியாத இடத்துக்கா என் பொண்ண அனுப்புற?”

சபை சிரித்தது. என் தங்கை ஷீபா பின்வரிசையிலிருந்து, “அண்ணே, சிங்காடா ஆறிப்போச்சு!” என்றாள். (சிங்காடா என்பது இந்த ஊர்ச் சமோசா.) நான் நிறுத்தவில்லை. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் பாரசீகம் வரை போனேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். (கடிகாரம் பார்த்தது ஷீபா.) ஜெசி மட்டும் சிரிக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ குடிக்கும்போது அவளிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்றிருந்தேன். டீ நேரத்தை நானே தின்றுவிட்டேன். ஹவுராவில் ரயிலைப் பிடிக்க எல்லாரும் காருக்கு ஓடினார்கள்.

இன்றும் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு பால்கனியில் யாராவது இருவர் நின்றால், “பர்பாருக்கு ரெண்டு பேர்” என்பாள் ஷீபா. நான் தனியாக நின்றால், “ஒரு ஆள் குறையுது” என்பாள்.

ஒன்று மட்டும் பாக்கி. கார் நகரும்போது ஜெசி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். அதே நொடியில் அவள் அம்மா, “டிக்கில எத்தன பெட்டிடீ?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. பெட்டி இரண்டுதான் என்கிறார் என் அம்மா. மூன்று என்று ஷீபா சத்தியம் செய்கிறாள். பெட்டிகளின் எண்ணிக்கை இதுவரை சரிபார்க்கப்படவில்லை.