வடக்கு ராஜாவுக்குக் கதவு திறந்த கதை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். அங்கே உன் முழங்கால் உட்பட எல்லாம் நலமாக இருக்கட்டும். நிற்க.

போன தடவை வந்தபோது என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனாயே, அந்த ராஜ்ய விளையாட்டை அழிக்க உடனே வழி சொல்லவும். மனுஷன் ஆடுவதா அது? ஒரு டிராகன் வளர்க்கப் பதினோரு அனுமதி. மந்திரவாதிகள் மூன்று பேர், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தூக்கம். நாற்பது வருடம் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடியவன் நான். படை திரட்டச் சொன்னால் வாய்க்கால் வெட்டினேன். மந்திரி மட்டும் நாள் தவறாமல் "மன்னா" என்று கூப்பிட்டான். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

புறப்படும் அன்று செருப்பை மாட்டிக்கொண்டே என்ன சொன்னாய்? "நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடலாம்பா. நான் வடக்குப் பக்கம் இருப்பேன்." அதை நம்பி நாலு மாதமாக வடக்கு ராஜாவை நீ என்றே நினைத்திருந்தேன். பஞ்சம் என்றாய், தானியம் அனுப்பினேன். குதிரை கேட்டாய், என் மக்கள் நடக்கட்டும் என்று அத்தனையையும் வடக்கே ஓட்டிவிட்டேன். பதிலுக்கு "நட்பு வளரட்டும்" என்று இரண்டு வார்த்தை வரும். என் பிள்ளைக்கு இதுவே அதிகம் என்று சந்தோஷப்பட்டேன். போன வாரம் நீ படையோடு வருவதாக ஒற்றன் சொன்னான். ஒரு வழியாகப் பையனுக்கு இந்தப் பக்கம் வர நேரம் கிடைத்ததே என்று கோட்டைக் கதவை முழுசாகத் திறந்து வைத்தேன். மந்திரி தலையில் அடித்துக்கொண்டான். அரை மணியில் தலைநகரம் சாம்பல், மந்திரி உட்பட.

உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். அவர் விளையாட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "வடக்கு ராஜாவும் கம்ப்யூட்டர்தான், இதுல வேற ஆளே கிடையாதுங்க ஐயா. நீங்க தனியாத்தான் ஆடிட்டு இருந்திருக்கீங்க," என்றார். ராஜ்யம் போனால் போகட்டும். நாலு மாசமா நீ பக்கத்துல இருக்கேன்னு நெனச்சு உக்காந்திருந்தேன்டா, அதுதான் தாங்கல.

ஆகவே அழித்துவிடவும். எனக்குப் பொழுது போகாமல் இல்லை. நீ வந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மருமகளுக்கு என் அன்பு. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அழிக்க வேண்டாம். பழுது பார்ப்பவர் மறுபடி வந்து, நிஜமாகவே இரண்டு பேர் ஆட வழி செய்து கொடுத்துவிட்டார். ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர் ஆட முடியுமாம். என் முறையை முடித்துவிட்டேன். உனக்கு வேலை இருந்தால் பார்த்துக்கொள், அவசரமே இல்லை. நான் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.