நாலு விரல் வளர்ந்த கல்

மலாய் நாட்டில், கோலா சாவாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு கல் வளர்ந்துகொண்டிருந்தது.

சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்துத்தான் சொன்னார்கள். வாரத்துக்கு நாலு விரல்! காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் அரிசி குறைந்தது, சீனி குறைந்தது, இருட்டிய பிறகு வெளியே தலைகாட்டும் உரிமையும் போயிற்று. ஊரில் வளர்வதே அந்த ஒரு கல்தான் என்றால் கூட்டம் கூடாதா? வெள்ளிக்கிழமை ஆனால் ரஹாங்கிலிருந்தும் மம்பாவிலிருந்தும் லாரி பிடித்து வந்து விழுந்து கும்பிட்டார்கள்.

கல் நின்றது, தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்கு வெளியே, லாலான் புல் மண்டிய பொட்டலில். ஆள் உயரம். காலடியில் கற்குவியல். எந்தக் காலத்திலோ, ரப்பர் என்ற பெயரையே கேட்டிராத மனிதர்கள், செத்துப்போன தங்கள் ஆள் ஒருவரைப் புதைத்து, மேலே கல்லைக் குவித்து, அடையாளத்துக்கு ஒரு நெடுங்கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் அதைப் ‘பத்து ஹிடுப்’ என்பார்கள். உயிருள்ள கல் என்று பொருள். சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வயலுக்குப் போய்விடுவார்கள். நம்மவர்களால் சும்மா இருக்க முடியுமா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேட்டியும் கட்டிவிட்டார்கள். உள்ளே கிடப்பவர் ஆணா பெண்ணா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பூசாரி வேண்டுமே! வந்து சேர்ந்தார் சன்னாசி. பெயர்தான் சன்னாசி, அவர் துறந்தது வேலையை மட்டும். அதற்கு முன் ரஹாங்கில் மூட்டுவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். தைலம் விலைபோகவில்லை, சாமி விலைபோயிற்று.

அவருடைய வித்தை இதுதான். வெள்ளிக்கிழமை புது நூல்கயிறு ஒன்றைக் கல்லின் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையும் சரியாகத் தொடும் இடத்தில் வெட்டுவார். அதை மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் போட்டு வீட்டில் வைத்துப் பூசை செய்வார். அடுத்த வெள்ளி, கூட்டத்தின் நடுவே அந்தக் கயிற்றைச் சொட்டச் சொட்ட எடுத்து அதே இடத்தில் சுற்றுவார். முனைகள் தொடாது. நாலு விரல் இடைவெளி.

“வளந்துட்டா! ஆத்தா வளந்துட்டா!”

வேட்டி கட்டிய ஆத்தா!

படையலுக்கும் அவர் வழி வைத்திருந்தார். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று போலீஸ் பிடித்துக்கொள்ளும் காலம் அது. ஆத்தா சட்டம் தெரிந்தவள். கோழியையும் சோற்றையும் வேலிக்குள் சன்னாசி வீட்டில் வைத்தாலே போதும், வாசனை தனக்கு வந்துவிடும் என்று கனவில் சொல்லிவிட்டாளாம். அதன்பின் சன்னாசியின் வயிறும் வளர்ந்தது. அதைப் பார்க்கக் கயிறு தேவைப்படவில்லை.

கோழிகள் தீர்ந்தபோது ஆத்தாவின் பார்வை மாட்டின் மேல் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சன்னாசி சாமியாடினார்.

“நீலாவதி வீட்டுச் செவலைப் பசு எனக்கு வேணும்! அடுத்த வெள்ளி நான் வளந்தா மாடு எனக்கு! குடுக்கலேன்னா லயம் பத்தி எரியும்!”

நீலாவதியின் புருசன் மரம் விழுந்து செத்துப் போனவன். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, சாயங்காலம் பசும்பால் விற்று, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். செவலை போனால் அடுப்பில் பாதி அணைந்தமாதிரி. அழுதுகொண்டே கங்காணி ஆறுமுகத்திடம் ஓடினாள்.

“கங்காணி, அது போச்சுன்னா எம் புள்ளைங்களுக்கு என்னா இருக்கு?”

கங்காணி கெட்டவர் அல்ல, பயந்தவர். “நான் என்னாம்மா செய்யட்டும்? பக்கத்துத் தோட்டத்துல காட்டு ஆளுங்க லாரியக் கொளுத்திட்டானுங்க. இந்த நேரத்துல ஆத்தாவப் பகைச்சுக்க முடியுமா லா?”

லயமே அவளுக்காக உச்சுக்கொட்டியது. உச்சுக்கொட்டுவதற்குச் செலவு இல்லையே.

அந்த வாரம் நல்ல மழை. நீலாவதி மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். நனைந்த கயிறு செவலையின் கழுத்தில் இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் போய்த் தளர்த்திவிடுவது வழக்கம்தான். அன்றைக்குக் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். செவலை திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை கல் வளர்ந்தது. வளராமல் இருக்குமா? கூட்டம் மாட்டை வாங்கிக்கொள்ள வேலி வாசலுக்குத் திரும்பியது. நீலாவதி மாட்டோடு நின்றாள். கையில் புது நூல்கயிறு.

“மாட்டக் குடுத்துடுறேன் சாமி. அதுக்கு முன்னால ஒண்ணு. கங்காணி, இப்படி வாங்க.”

கங்காணியின் வயிற்றைச் சுற்றிக் கயிற்றை அளந்து வெட்டினாள். “இதையும் உங்க மஞ்சத் தண்ணியில நனைங்க சாமி. கங்காணிக்கும் ஆத்தா அருள் கெடைக்கட்டும்.”

கங்காணிக்கு ஒரே பூரிப்பு. அவர் முகத்துக்கு எதிரே சன்னாசி எப்படி மறுப்பார்? கயிறு குடத்தில் ஊறியது. ஒரு வெற்றிலை போடும் நேரம் கழித்து நீலாவதி அதை எடுத்துச் சுற்றினாள். தொடவில்லை.

“கங்காணி வளந்துட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள்.

“ஏய்! காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல லா!” என்றார் கங்காணி.

சன்னாசி சுதாரித்துக்கொண்டார். “மனுசன் வயிறு மூச்சு விட்டா ஏறும், எறங்கும். அதையும் ஆத்தாவையும் ஒண்ணாக்கலாமா தாயீ?”

“நியாயம் சாமி” என்றாள் நீலாவதி. வாசலில் மண் நிரப்பி வைத்திருந்த இரும்புப் பீப்பாய்ப் பக்கம் போனாள். இன்னொரு காய்ந்த கயிறு. சுற்றினாள், வெட்டினாள், நனைத்தாள், மறுபடி சுற்றினாள். ஒரு கையகல இடைவெளி.

காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார். “தோங் பூன் ஹிடுப் லா!” பீப்பாய்க்கும் உயிர் வந்துவிட்டதாம்!

“மழை பேஞ்சா மாட்டுக் கயிறு இறுகுதுன்னு ஓடிப்போய்த் தளத்தி விடுறீங்களே, அதே கயிறுதான் இது” என்றாள் நீலாவதி. “கல்லு வளரல. கயிறு சுருங்குது.”

சன்னாசி அப்போதும் வாயைத் திறந்திருப்பார். அதற்குள் வாசலுக்கு வெளியே நின்ற லாரியிலிருந்து மம்பாவ் மாட்டு வியாபாரி தலையை நீட்டினார்.

“சாமி, கர்ஃபியூ வந்துரும். மாட்ட ஏத்தலாமா? இன்னைக்கு மாடு கெடைக்கும்னு முந்தாநேத்தே சொன்னீங்க, இன்னும் நிக்கிறேன்.”

கங்காணி வெற்றிலையைத் துப்பினார். “ஆத்தா இன்னைக்குத்தானே வளந்தா? முந்தாநேத்து எதைய்யா அளந்தே?”

லாரி காலியாகப் போகக்கூடாது என்றோ என்னவோ, சன்னாசியே அதில் ஏறிக்கொண்டார். தின்ற கோழிகளை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை. செவலை மட்டும் வீட்டுக்குப் போயிற்று. நீலாவதியின் பிள்ளைகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், வாசல் பீப்பாயில் யாரோ மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள்!

தோட்டத்து ஜனங்களே, தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையாக நிற்கிறீர்கள். ஆபீஸ் குமாஸ்தா கிராணி வந்து தலைகளைக் கணக்கெடுத்துக்கொண்டு போகிறார். மாடு கட்டுகிற, துணி துவைக்கிற அத்தனை பேருக்கும் நனைந்த நூல் சுருங்கும் என்று தெரியும். தெரிந்தும் விழுந்து கும்பிட்டீர்கள். ஐயா, அம்மா, கிராணி கணக்கெடுக்க மட்டும்தானா கழுத்துக்கு மேலே அதை வைத்திருக்கிறீர்கள்?