ஓடும் மாப்பிள்ளை

மாப்பிள்ளையைப் பற்றி அவனுடைய உயிர் நண்பர்களிடம் மட்டும் விசாரிக்கவே கூடாது. இதை நான் சொல்வது நியாயமில்லைதான். என் நண்பர்களுக்குப் பாடம் நடத்திக் கெடுத்தவனே நான்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. நாலு நண்பர்களோடு ஒரே அறை, ஒரே சீப்பு. கிள்ளானிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. பார்த்ததிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை. (பொய். இரண்டு தட்டு இறங்கியது, ருசிதான் தெரியவில்லை.) பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருகிறார் என்றதும் தலைகால் புரியாமல் குதித்தேன். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். ஆகவே சனிக்கிழமை முழுதும் நண்பர்களுக்கு ஒத்திகை: விடியற்காலை ஐந்துக்கு எழுவார், குளிப்பார், கும்பிடுவார், சீட்டைத் தொடமாட்டார்.

வந்தார். நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். முதல் நண்பன் அருமையாகச் சொன்னான். இரண்டாமவனும் ஒரு சொல் பிசகாமல் அதையே சொன்னான். மூன்றாமவன் “ஐந்துக்கு எழுவார், குளிப்பார்” என்று தொடங்கி, பாதியில் திணறி, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டான்: “அப்புறம் என்னடா?”

நாலாமவனை அவர் கேட்கவே இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எல்லாம் போச்சு என்று கரிச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழாத குறைதான்.

வாசலில் பக்கத்து வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். இந்த வீட்டு ரயில்வே கிராணி எப்படி என்று அவரிடமும் கேட்டார் பெண்ணின் அப்பா. நான் அடுப்படி ஜன்னலில் காதை வைத்தேன்.

“பேரெல்லாம் தெரியாதுங்க. தினமும் லேட்டா எழுந்து ரயிலுக்கு ஓடுவாரு. ஆனா எவ்வளவு அவசரத்துல ஓடினாலும் என்னைப் பாத்து ஒரு கும்பிடு போடாம போனதில்லைங்க.”

பெண்ணின் அப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மாப்பிள்ளை, வெளிய வாங்க.”

மாப்பிள்ளை! முகமெல்லாம் கரியோடு ஓடினேன்.

கல்யாணத்துக்கு முதல் அழைப்பு பால்காரருக்குத்தான். வழக்கம்போல் ஓடிக்கொண்டே கையில் திணித்தேன். கிள்ளானுக்கு வந்தவர் மணவறையை நன்றாகப் பார்த்துவிட்டு, என் மாமனாரிடமே போய் மாப்பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறார். “உக்காந்திருந்தா எனக்கு அடையாளம் தெரியலைங்க.”

இன்றும் கல்யாண போட்டோவை யாராவது கையில் எடுத்தால் போதும், என் மனைவி உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

“யாருன்னு தெரியலையே. கொஞ்சம் ஓடிக் காட்டுங்க.”