மைக்குக்குச் சட்டை தைத்த காத்து பாய்

காஞ்சிபுரத்தில் பட்டைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. காற்றைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொன்னவர் ஊருக்கே ஒருவர்தான். அவர் காத்து பாய். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருடைய ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். அதை அவர் மனைவியே மறந்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து அந்த அம்மாள், "காத்து வெளிய போயிருக்குது" என்றுதான் பதில் சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் எங்கள் வீடியோ ஸ்டூடியோ இருந்தது. கேமராவுக்கு சேகர், வர்ணனை எழுத நான், ஒலிப்பதிவுக்குக் காத்து பாய். சேகருக்கும் எனக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது, பாய்க்குப் பத்து வயது கூட. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, உள்ளூர் கேபிளில் ஓடும் அரை மணி நேர நிகழ்ச்சி என்று எதையும் விடமாட்டோம். நீளமான கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, பேசுகிறவர் தலைக்கு மேலே, படத்தில் விழாமல் நீட்டிப் பிடிப்பார்கள் இல்லையா, பூம் மைக் என்று, அதைப் பிடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. எழுதுகிறவனுக்கு இது தேவையா என்று கேட்டேன். "நீ உயரமா இருக்கிறபா. எழுதறதை உக்காந்துக்கினு கூட எழுதலாம்" என்றார் பாய்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி. காற்று. நமக்கு ஜில்லென்று வருகிற காற்று, மைக்கின் மேல் பட்டால் லாரி ஏறினாற்போலக் கேட்குமாம். அதனால் எங்கே படம் பிடிக்கப் போனாலும் முதலில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி வருவார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத்தான். பார்க்கிறவர்கள் ஏதோ பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

காற்றை அவர் நான்கு ஜாதியாகப் பிரித்திருந்தார். பேப்பர் ஆடினால் பேப்பர் காத்து. அதற்கு மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுத் தொப்பி போதும். கட்டின வேட்டி படபடத்தால் வேட்டிக் காத்து. அதற்குக் கூண்டு வேண்டும். குடை திரும்பிக்கொண்டால் குடைக் காத்து. அதற்குக் கூண்டின் மேல் ரோமச் சட்டை வேண்டும். அதற்கும் மேலே கூரைக் காத்து. "அதுக்கு இன்னா போடணும் பாய்?" என்று சேகர் கேட்டான். "டீக்கடைக்கு ஒரு நடை போடணும்" என்றார்.

விரோதம் வெளிக்காற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு சித்திரை மாதக் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், மண்டபத்து மின்விசிறிகள் அத்தனையையும் அணைத்துவிட்டார். மந்திரம் சுத்தமாகப் பதிவாக வேண்டுமாம். ஐந்நூறு பேர் பத்திரிகையால் விசிறிக்கொண்டார்கள். அந்தச் சத்தமும் ஆகாது என்று பாய் மேடையேறிக் கையெடுத்துக் கும்பிட்டார். தாலி கட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளையின் தாய்மாமன் மயங்கிச் சரிந்தார். பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் அன்று நடக்க இருந்த முதல் சண்டையை இரு தரப்பாரும் ஒத்திவைத்து, ஒன்றாகச் சேர்ந்து எங்கள் மேல் பாய்ந்தார்கள். கேசட்டைப் போட்டுக் கேட்டால் மந்திரம் கண்ணாடி மாதிரி இருந்தது. மாமன் விழுந்த சத்தமும் அப்படித்தான்.

"எவ்ளோ தெளிவா விழறாரு பாத்தியா?" என்று பாய் என் தோளைத் தட்டினார்.

கூண்டு செய்த கதை தனி. அதற்கு அவர் சொன்ன தத்துவம் எனக்கு இன்றும் பிடிக்கும். "ஓடற காத்து மைக்கைத் தொடக் கூடாதுபா. நடுவுல சும்மா இருக்கிற காத்து கொஞ்சம் இருக்கணும். ஓடறதை சும்மா இருக்கிறதுதான் தடுக்கும்." சமையல்கட்டில் வெங்காயம் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, உள்ளே ரப்பர் பேண்டுகளால் மைக்கைத் தொட்டில் போலத் தொங்கவிட்டார். இனி அதன் மேல் போர்த்தத் துணி வேண்டும். காஞ்சிபுரத்தில் துணிக்கா பஞ்சம்?

என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு பட்டுக்கடைக்குப் போனார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, புடவையை வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தார். அப்படியே ஏழெட்டுப் புடவை. கடைக்காரர் வியாபாரத்தில் பழுத்தவர். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"யாருக்குப் பாக்கறீங்க பாய்? பொண்ணுக்கா?"

"மைக்குக்கு."

"மைக்கு… வெளிநாட்டு மருமவனுங்களா? அப்போ வேட்டி காட்டட்டுமா?"

"மனுசன் இல்லைங்க. மைக்கு! பேசறது!"

"பேசறவங்க எல்லாரும் மனுசங்கதானே பாய்?" என்றார் கடைக்காரர் மிகவும் பொறுமையாக.

பட்டு உதவவில்லை. நெசவு நெருக்கம். பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருகிறது, சரிகை வேறு சரசரக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டைத் தள்ளுபடி செய்துவிட்டு, குழந்தைகளுக்கு ஜபலா தைக்கும் மல் துணியில் வந்து நின்றார். அது பொருந்தியது.

அடுத்து ரோமச் சட்டை. அசல் சட்டை சென்னையிலேயே லேசில் கிடைக்காத காலம். பாய் ஒரு பெரிய வெள்ளைக் கரடி பொம்மையை வாங்கி வந்து, ஸ்டூடியோ நடுவில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்தார். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூட போட்டோவுக்காக ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மா ஒருத்தி படியேறி வந்தாள். அந்தக் குழந்தை அலறிய அலறலில் கீழே டீக்கடை காலியானது. பாய் அலறவில்லை, ஹெட்போனைத் தேடினார். "நல்ல குரல்பா, எவ்ளோ தூரம் போவுது பார்!" பிறகு சட்டையைத் தைத்து முடித்து, சீப்பால் வாரி வாரி விட்டார். சொந்தத் தலையில் வார ஒன்றும் இல்லாத மனிதர். பத்து வருட ஏக்கத்தை அந்தக் கரடித்தோலில் தீர்த்துக்கொண்டார்.

அந்தச் சட்டைக்கு உண்மையான வேலை வந்தது ஓர் ஆடி மாதத்தில்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ராகவன் என்பவர் வந்தார். அவர் மனைவி பத்மா டீச்சர், பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்துகிறவர். தொண்டையில் ஆபரேஷன். பிழைப்பதில் பயமில்லை, ஆனால் பழைய குரல் திரும்பி வருமென்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். "அவ பாடம் நடத்தறதை ஒரு தடவை பிடிச்சுக் கொடுங்கோ. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆத்துல அந்தக் குரல்தான் எல்லாம்" என்று சொல்லிவிட்டு, காலண்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

முதலில் ஸ்டூடியோவிலேயே முயன்றோம். கழுத்தில் கம்பளி மஃப்ளரோடு வந்த டீச்சர், விளக்குக்கு முன்னால் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது.

"இந்தச் சுவத்தைப் பார்த்து என்னத்தைப் பேசறது? திருமுக்கூடலுக்குப் போலாமா? வருஷா வருஷம் பசங்களை அங்கதான் அழைச்சுண்டு போவேன். அந்தக் கல்வெட்டு முன்னாடி நின்னா தானா வரும்."

திருமுக்கூடல், மூன்று ஆறு கூடுகிற இடம். வெட்டவெளி. அதிலும் ஆடி மாதம். அம்மியையே பறக்கவிடுகிற காற்று. நான் பாயைப் பார்த்தேன். எப்போதும் முதலில் மறுக்கிற மனிதர், "வர்றோம் டீச்சர்" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

மறுநாள் காலை வேனில் போய் இறங்கினோம். பாய் ஊதுபத்தியைக் கொளுத்தினார்; அணைந்தது. மறுபடி கொளுத்தினார், நுனியே பறந்துபோனது. "குடைக் காத்து" என்று அறிவித்துவிட்டு, கூண்டுக்கு ரோமச் சட்டை மாட்டினார். அந்தக் கோவிலோடு சேர்ந்து அந்தக் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியும் நடந்ததைச் சொல்லும் கல்வெட்டின் முன்னால் டீச்சர் நின்றார். நான் கம்பை நீட்டினேன். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த பாயின் முகம் மலர்ந்தது. சட்டை வேலை செய்தது!

டீச்சர் வாயைத் திறந்தார். எனக்கோ கை வலி. கம்பைச் சற்றுத் தாழ்த்திப் பின்பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைப் பசு, நுனியிலிருந்த ரோம உருண்டையை முகர்ந்து பார்த்து, நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது.

பாய் காதைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். "யா அல்லா! மரம் அறுக்கிற மில்லு எங்கபா இருக்குது இங்க?"

பசுவுக்கு உரியவள் ஓடி வந்தாள். "அடிக்காதீங்க சாமி! கன்னு செத்து நாலு நாளு ஆவுது. இத்தப் பாத்ததும் கன்னுன்னு நெனச்சிக்கிச்சி."

நான் கம்பை இழுக்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வுடுபா. நக்கட்டும்."

அது ஆற அமர, முன்னும் பின்னும், ஒரு இடம் விடாமல் நக்கியது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பசு திருப்தியாகி நகர்ந்தபோது ரோமச் சட்டை நனைந்து, பசைபோல் ஒட்டிக் கிடந்தது. இனி அது காற்றுக்கு ஆகாது. பிழிந்தாலும் காய அரை நாள் ஆகும். காற்றோ ஏறிக்கொண்டே போனது.

"வந்தவரைக்கும் வரட்டும் பாய்" என்றார் டீச்சர்.

"வந்தவரைக்கும்னா காத்துதான் டீச்சர் வரும்."

டீச்சர் சட்டென்று கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்தார். "இது கம்பளிதானே? இதைச் சுத்துங்கோ."

"மொதல்ல அதைக் கட்டுங்க!" பாய் அதட்டியே விட்டார். பிறகு குரலை இறக்கினார். "மைக்கு கெட்டா வேற வாங்கிக்கலாம். எனக்கு அது பெரிசு இல்ல டீச்சர்."

ரோமச் சட்டையை உரித்துவிட்டு, மல் துணிக் கூண்டை மட்டும் வைத்துக்கொண்டார். அது வேட்டிக் காற்றுக்கு மேல் தாங்காது. சுற்றுமுற்றும் பார்த்தார். ஆற்று ஊற்றில் துணி துவைத்துவிட்டு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அன்னக்கூடைகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் நேரே அவர்களிடம் போனார்.

"அம்மா, ஒரு உதவி. கொஞ்ச நேரம் செவுரா நிக்கணும்."

"இன்னாவா நிக்கணும்?"

"செவுரு, செவுரு! காத்தை மறைக்கணும்மா. டீச்சர் பேசணும். நாளைக்கி தொண்டையில ஆப்ரேசன்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஈரப் புடவைகளைப் பிரித்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். பசுவுக்கு உரியவளும் சேர்ந்துகொண்டாள். அந்த மறைவுக்குள் காற்று விழுந்தது. பாய் கட்டைவிரலைத் தூக்கினார்.

டீச்சர் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் வைத்தியர் இருந்ததையும், மருந்து இடித்ததையும், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருந்ததையும் சொல்லச் சொல்ல, புடவைச் சுவர் ஆர்வத்தில் மெல்ல உள்பக்கமாகச் சாய்ந்தது. இடுக்கில் காற்று புகுந்தது. "செவுரு சாயுதுபா!" என்று பாய் வாயைத் திறக்காமல் கையாலேயே துடித்தார். அப்போது சுவரின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, ஏழைங்களையும் சேத்துக்குவாங்களா அந்த ஆஸ்பத்திரியில?"

நான் பயந்துபோனேன். மின்விசிறியின் மூச்சையே நிறுத்தியவர், இதற்கு என்ன செய்வாரோ! பாய் நிறுத்தச் சொல்லவில்லை. என் முழங்கையைத் தொட்டு, கம்பைக் கேள்வி கேட்டவள் பக்கம் திருப்பினார். பிறகு டீச்சர் பக்கம் திருப்பினார்.

டீச்சரின் முகம் அப்போதுதான் மாறியது. எதிரில் ஒரு வகுப்பு கிடைத்துவிட்டது. "நல்ல கேள்வி! உன் பேர் என்ன?" என்று கேட்டார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அதட்டினார், சிரித்தார், கல்லைத் தடவித் தடவி வாசித்தார், "சொன்னதைத் திருப்பிச் சொல்லு பார்ப்போம்" என்று சுவரை மிரட்டினார். ராகவன் வேனில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை; தேங்காய் துருவுகிற மாதிரி ஒன்று வந்தது. மூன்று மாதம் கழித்து டீச்சர் ஸ்டூடியோவுக்கு வந்து கேசட்டைப் போட்டுக் கேட்டார்.

"நடு நடுவில காத்து சத்தம் வருதே பாய்" என்றார் கடைசியில், அந்தக் கரகரப்பில்.

"வரட்டும் டீச்சர். அன்னிக்கி அதுவும் பாடம் கேட்டுக்கினு இருந்திச்சி" என்றார் காத்து பாய். என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. அதோடு விடவில்லை. மைக்கை எடுத்து வந்து டீச்சரின் முன்னால் வைத்தார். "இந்தக் குரலையும் எடுத்துக்குவோம். சரித்திரம்னா ஒரு ராஜா மட்டுமா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். அதையும் பாய் பதிவு செய்தார்.

இப்போது பாய் வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போன் செய்தால் நலம் கூட விசாரிக்க மாட்டார். "மொட்ட மாடியில நின்னுக்கினு பேசறியா? ஒரே காத்தா வருதுபா. அறிவு இருக்குதா உனக்கு? உள்ள போ!" என்று திட்டித் தீர்ப்பார்.

வீட்டுக்குள்ளேயே வசதியாக உட்கார்ந்து பேசலாம்தான். ஆனாலும் அவருக்குப் போன் செய்வதென்றால், முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறித்தான் செய்கிறேன்.